எதிர்க்கடையைப் பார்த்துக் கட்டிய கப்பல்கள்

வணிகர் பாடம்

"அவன் லேசுப்பட்ட ஆள் இல்லை, சரியான எம்டன்!" என்று நம் கடைத்தெருவில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். சூரன், எமகாதகன் என்ற பொருளில் வழங்கும் இந்தச் சொல், ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டுவிட்டுப் போனது.

எம்டன் கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கப்பலுக்குப் பின்னால் இருந்த பெரிய போட்டியின் கதை பலருக்குத் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஒன்றை ஒன்று பார்த்துப் பார்த்துப் போர்க்கப்பல் கட்டின. நம் கடைத்தெருவில் எதிரும் புதிருமாக இருக்கும் இரண்டு கடைகளின் போட்டியை அது அப்படியே ஒத்திருக்கிறது. யார் எவ்வளவு முதல் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள், கடைசியில் யாருக்கு என்ன மிஞ்சியது என்று ஒரு பேரேட்டைப் புரட்டுவது போல இந்த வரலாற்றைப் பார்ப்போம்.

இரண்டு கடைகள்

இங்கிலாந்து ஒரு தீவு. அங்கு விளைவது அதன் மக்களுக்குப் போதாது. அந்நாளில் அங்கு தின்ற கோதுமையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. இறைச்சி, சர்க்கரை, தேயிலை எல்லாம் அப்படித்தான். கடல் வழி அடைபட்டால் லண்டன் மளிகைக் கடைகளில் சில வாரங்களில் சரக்கு தீர்ந்துவிடும். ஆகவே கடற்படை என்பது அவர்களுக்கு வயிற்றுப்பாடு. தங்களுக்கு அடுத்த இரண்டு பெரிய கடற்படைகளையும் சேர்த்தால் எவ்வளவோ, அதற்குக் குறையாமல் தங்கள் கடற்படை இருக்க வேண்டும் என்று 1889ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

ஜெர்மனி புதுக்கடை. பல சிறு அரசுகள் சேர்ந்து 1871இல்தான் ஒரே நாடாயின. ஆனால் உருக்கு, ரசாயனம், மின்சாரச் சாமான்கள் என்று ஒவ்வொன்றிலும் மளமளவென்று முன்னேறியது. ஹாம்பர்க் நகரிலிருந்த ஹாம்பர்க் அமெரிக்கா லைன் உலகத்திலேயே பெரிய கப்பல் கம்பெனியாக வளர்ந்தது.

இந்த இரண்டு நாடுகளும் வியாபாரத்தில் போட்டியாளர்கள் என்பது உண்மை. அதே சமயம் ஒருவருக்கொருவர் நல்ல வாடிக்கையாளர்களாகவும் இருந்தனர். 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சரக்கை வாங்கிய நாடுகளில் இந்தியாவுக்கு அடுத்த இடம் ஜெர்மனிக்கு. ஜெர்மனியின் சரக்கை மிக அதிகமாக வாங்கிய நாடோ இங்கிலாந்து. ஜெர்மன் வணிகக் கப்பல்கள் பலவற்றுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்ததும் லண்டனில் உள்ள லாயிட்ஸில்தான். இந்த ஒரு விவரத்தை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியத்துக்குப் பெரிய கடற்படை மீது தீராத ஆசை. 1897இல் அவர் அட்மிரல் டிர்பிட்ஸ் என்பவரைக் கடற்படை அமைச்சராக நியமித்தார். 1898இல் ஒரு சட்டம், 1900இல் இன்னொரு சட்டம். முதல் சட்டத்தில் 19 பெரிய போர்க்கப்பல்கள். இரண்டாவதில் அது 38 ஆயிற்று.

டிர்பிட்ஸின் கணக்கு இதுதான்: இங்கிலாந்தை மிஞ்ச நம்மால் முடியாது. ஆனால் நம்மோடு சண்டைக்கு வந்தால் தனக்கும் பலத்த சேதம் என்று அது அஞ்சும் அளவுக்கு நாம் கப்பல் வைத்திருந்தால், நம்மிடம் பணிந்து போகும்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எதிராளி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பான் என்று வைத்துப் போட்ட கணக்கு அது.

புதுச் சரக்கு வந்தது, பழைய சரக்கு விலை போயிற்று

1904இல் இங்கிலாந்துக் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கு அட்மிரல் ஜான் பிஷர் வந்தார். வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை பழைய சரக்கைக் கழித்துக்கட்டியது. உலகத்தின் மூலை முடுக்குகளில் சம்பளமும் நிலக்கரியும் தின்றுகொண்டிருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பழைய கப்பல்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்.

அடுத்து அவர் கட்டியதுதான் டிரெட்நாட். 1905 அக்டோபர் 2ஆம் தேதி போர்ட்ஸ்மவுத் தளத்தில் வேலை தொடங்கியது. 1906 பிப்ரவரி 10ஆம் தேதி மன்னர் ஏழாம் எட்வர்டு அதைக் கடலில் இறக்கினார். அவ்வாண்டு இறுதிக்குள் வேலை முடிந்தது. சுமார் 18,000 டன் எடை. 12 அங்குலப் பீரங்கிகள் பத்து. அதற்கு முந்திய கப்பல்களில் அப்படிப்பட்டவை நான்குதான் இருக்கும். பழைய பிஸ்டன் எஞ்சினுக்குப் பதிலாக நீராவி டர்பைன் வைத்ததால் மணிக்கு 21 கடல் மைல் வேகம். செலவு சுமார் 17 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டு.

இந்த ஒரு கப்பல் வந்ததும் உலகத்தில் உள்ள மற்றப் பெரிய போர்க்கப்பல்கள் அத்தனையும் ஒரே நாளில் பழைய மாடல் ஆகிவிட்டன. அதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய மாடல் கப்பல்களை மற்ற எவரையும் விட மிக அதிகமாகக் கையிருப்பில் வைத்திருந்தது இங்கிலாந்துதான்! இதுவரை எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் இருந்த போட்டியாளனுக்கு, "வா, இருவரும் முதலிலிருந்து எண்ணலாம்" என்று இடம் கொடுத்தது போலாயிற்று. உள்நாட்டிலேயே பலர் பிஷரைக் கடிந்துகொண்டனர்.

பிஷர் பக்கமும் நியாயம் இருந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் இதே மாதிரிக் கப்பலைப் பற்றி ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தன. எவனோ ஒருவன் கொண்டுவரத்தான் போகிறான், அதை நாமே முதலில் கொண்டுவந்துவிடுவோம் என்பது அவர் எண்ணம். புதுச் சரக்கை முதலில் இறக்குகிறவனுக்குப் பெயர் உண்டு. ஆனால் பழைய சரக்கின் நட்டமும் அவன் தலையில்தான் விழும் என்பதை வணிகர்கள் நன்கு அறிவார்கள்.

பீரோ பெரிதானால் வாசலை இடிக்க வேண்டும்

டிரெட்நாட் வந்த பிறகு ஜெர்மனியும் சும்மா இருக்க முடியவில்லை. 1907இல் நாசாவ் என்ற தன் முதல் டிரெட்நாட் வகைக் கப்பலுக்கு அடித்தளம் போட்டது. அதற்கு முந்திய டாய்ச்லாண்ட் கப்பலுக்குச் சுமார் 2 கோடியே 45 லட்சம் மார்க் செலவாகியிருந்தது. நாசாவுக்கு ஆன செலவோ சுமார் 3 கோடியே 74 லட்சம் மார்க்!

செலவு அதோடு நிற்கவில்லை. வடகடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கீல் கால்வாயை 1895இல்தான் திறந்திருந்தார்கள். புதுக் கப்பல்கள் அந்தக் கால்வாயில் நுழையவில்லை. ஆகவே 1907 முதல் 1914 வரை ஏழு ஆண்டுகள் கால்வாயை அகலப்படுத்தினார்கள். கப்பல் பழுது பார்க்கும் தளங்களையும் பெரிதாக்க வேண்டியதாயிற்று. பெரிய பீரோவை வாங்கிவிட்டு, அது நுழையவில்லை என்று வாசலை இடித்துக் கட்டிய கதைதான். பீரோவின் விலையை மட்டும் கணக்கில் எழுதினவனுக்கு வாசலின் செலவு பிறகுதான் தெரியும்.

காதில் விழுந்த செய்தி

1909ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பெரும் பீதி கிளம்பியது. ஜெர்மனி வெளியில் சொன்னதை விட வேகமாக, ரகசியமாகக் கப்பல் கட்டுகிறது என்று பேச்சு. அரசு அவ்வாண்டு நான்கு கப்பல் கட்டலாம் என்றது. தேவைப்பட்டால் இன்னும் நான்கு என்றது. எட்டும் இப்போதே வேண்டும் என்று ஊரெங்கும் முழக்கம். கடைசியில் எட்டும் கட்டப்பட்டன.

இந்தப் பீதிக்குக் காரணமானவர்களில் ஒருவர் முல்லினர் என்பவர். ஜெர்மனியின் க்ரூப் கம்பெனி பெரிய பீரங்கிகள் செய்யும் இயந்திரங்களை ஏராளமாக வாங்கிப் போட்டிருக்கிறது என்று அவர் அரசுக்குத் தகவல் கொடுத்தார். அவர் யார்? பீரங்கி செய்யும் கோவென்ட்ரி ஆர்ட்னன்ஸ் ஒர்க்ஸ் என்ற கம்பெனியின் நிர்வாக இயக்குநர். அரசு அதிகக் கப்பல் கட்டினால் அவர் கம்பெனிக்கு அதிக ஆர்டர் வரும்! ஜெர்மனியும் இங்கிலாந்து பயந்த அளவுக்குக் கப்பல்களை இறக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

இது நமக்குப் புதிதா? கம்பெனிப் பிரதிநிதி கடைக்கு வருகிறார். "எதிர்க்கடை அண்ணாச்சி நேற்றே ஐம்பது பெட்டி எடுத்துவிட்டார், நீங்கள் பத்து என்கிறீர்களே" என்கிறார். அவர் சொல்வது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் சொல்கிறவருக்கு அதில் கமிஷன் உண்டு என்பதை மறந்துவிட்டு ஆர்டர் புத்தகத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

பணம் எங்கிருந்து வந்தது?

1904-05இல் இங்கிலாந்தின் கடற்படைச் செலவு சுமார் 3 கோடியே 69 லட்சம் பவுண்டு. 1914-15க்கு கேட்ட தொகை 5 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். இதற்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் பணம் தேட, நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் 1909 பட்ஜெட்டில் பெரும் பணக்காரர்களுக்குக் கூடுதல் வருமான வரியும் நிலத்துக்குப் புது வரிகளும் போட்டார். பிரபுக்கள் சபை அந்த பட்ஜெட்டையே தள்ளிவிட்டது. பெரும் அரசியல் போராட்டத்துக்குப் பிறகு 1910இல் அது நிறைவேறியது. சண்டை போட்டாவது வருமானத்துக்கு வழி செய்துகொண்டார்கள்.

ஜெர்மனியிலும் அதே 1909இல் அதே நெருக்கடி. சொத்து உள்ளவர்கள் மீது வாரிசுரிமை வரி போட பிரதமர் பூலோ முயன்றார். பெரிய நிலச்சுவான்தார்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவி விலகினார். வரி யார் மீது விழுந்தது தெரியுமா? பீர், புகையிலை, தீப்பெட்டி, விளக்குக்கான பல்பு ஆகியவற்றின் மீது. பேரரசரின் கப்பல் ஆசைக்கு மூலைக் கடையில் தீப்பெட்டி வாங்கினவன் பணம் கட்டினான். அதுவும் போதாமல் கடன் ஏறியது. பிரான்சும் ரஷ்யாவும் இரு பக்கமும் இருந்ததால் தரைப்படைக்கும் பணம் வேண்டியிருந்தது. 1912க்குப் பிறகு தரைப்படைச் செலவு முந்திக்கொண்டது. கப்பல் போட்டியில் ஜெர்மனி பின்தங்கியது.

இங்கிலாந்துக்குப் பெரிய தரைப்படை தேவையில்லை. ஒரே சரக்கில் முழு முதலையும் போட முடிந்தது. ஜெர்மனியோ இரண்டு கடை நடத்தியது. இரண்டுக்கும் சேர்த்து முதல் இல்லை.

ஒரு வியாபாரி செய்த முயற்சி

இந்தப் போட்டியை நிறுத்த முயன்றவர்களில் ஒருவர் வணிகர் என்பது நாம் பெருமையோடு அறிய வேண்டிய செய்தி. ஹாம்பர்க் அமெரிக்கா லைன் கம்பெனியை வளர்த்த ஆல்பர்ட் பாலின் என்பவர்தான் அவர். தொடக்கத்தில் அவரும் கடற்படை வளர்வதை ஆதரித்தவரே. ஆனால் போகப்போக, இங்கிலாந்தோடு பகை வந்தால் முதலில் அழிவது கடல் வாணிபம்தான் என்பதைக் கண்டுகொண்டார். லண்டன் நகரின் பெரிய நிதி வணிகர் சர் எர்னஸ்ட் காசல் அவருக்கு நண்பர். இருவரும் பேசி வழி செய்ததன் பேரில், 1912 பிப்ரவரியில் இங்கிலாந்து அமைச்சர் ஹால்டேன் பெர்லினுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போனார்.

பேச்சு முறிந்தது. போர் வந்தால் நீங்கள் நடுநிலை வகிக்க வேண்டும் என்று ஜெர்மனி உறுதி கேட்டது. இங்கிலாந்து தரவில்லை. புதுக் கப்பல் திட்டத்தை விட்டுக்கொடுக்க டிர்பிட்ஸுக்கு மனம் இல்லை. அதன் பின் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், இரு நாடுகளும் ஓராண்டு புதுக் கப்பல் கட்டாமல் விடுமுறை விடலாம் என்று சொல்லிப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை.

கப்பல் போட்டி ஒன்றே முதல் உலகப் போருக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரியா, செர்பியா, ரஷ்யா, பெல்ஜியம் என்று காரணங்கள் பல. ஆனால் நல்ல வாடிக்கையாளர்களாக இருந்த இருவரைப் பகையாளிகளாக்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது டிரெட்நாட் வகைக் கப்பல்கள் இங்கிலாந்திடம் சுமார் 29, ஜெர்மனியிடம் சுமார் 17. பதினாறு ஆண்டு முதலீட்டுக்குப் பிறகும் இடைவெளி இடைவெளியாகவே இருந்தது.

சிறிய கப்பல் செய்த வேலை

போர் தொடங்கியதும் வியாபாரிகளை நடுங்க வைத்தவை பெரிய கப்பல்கள் அல்ல. சீனக் கடற்கரையில் சிங்டாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட எம்டன் சுமார் 3,600 டன் எடையுள்ள சிறு கப்பல். டிரெட்நாட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அதன் கேப்டன் கார்ல் வான் முல்லர், மூன்று புகைபோக்கி உள்ள தன் கப்பலுக்கு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டி, பார்ப்பவர்கள் ஆங்கிலேயக் கப்பல் என்று நினைக்கும்படி செய்தார். 1914 செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் நுழைந்து வணிகக் கப்பல்களை ஒன்றன் பின் ஒன்றாகப் பிடித்தார்.

செப்டம்பர் 22 இரவு சென்னை. சுமார் 130 குண்டுகள். துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயிரிழந்தவர்கள் சிலர்தான். ஆனால் ஊரே கதிகலங்கியது. ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு நகரை விட்டு வெளியேறினர். குண்டு விழுந்த இடத்தின் நினைவாக உயர் நீதிமன்றத்தின் மதிலில் ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது.

வங்காள விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து அந்நாட்களில் பலமுறை நிறுத்தி வைக்கப்பட்டது. இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. ரங்கூன் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கடலை நம்பியிருந்த வியாபாரிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் எம்டனை முடித்து வைத்தது. அதற்குள் சுமார் இரண்டு டஜன் கப்பல்கள் அதன் கையில் சிக்கியிருந்தன. சரக்கை வழியில் மறிப்பதற்குக் கோடிக்கணக்கில் செலவிட்ட பெரிய கப்பல் தேவையில்லை என்பதை அது காட்டிவிட்டது.

துறைமுகத்தில் உறங்கிய முதல்

ஜெர்மனியின் பெரிய கப்பல்கள் என்ன செய்தன? பெரும்பாலும் துறைமுகத்தில் நின்றன. இவ்வளவு விலை கொடுத்துக் கட்டியதை இழந்துவிடுவோமோ என்று பேரரசர் அவற்றை வெளியே அனுப்பவே அஞ்சினார். இங்கிலாந்தும் ஜெர்மன் கரைக்குப் போய் மோதவில்லை. தூரத்திலேயே நின்று வடகடலின் இரு வாசல்களையும் அடைத்தது.

1916 மே 31, ஜூன் 1 தேதிகளில் டென்மார்க் அருகே ஜூட்லாண்டில் ஒரே ஒரு பெரிய மோதல். இரு பக்கமும் சேர்த்து 250 கப்பல்கள். இங்கிலாந்து 14 கப்பல்களையும் 6,000க்கும் மேற்பட்ட மாலுமிகளையும் இழந்தது. ஜெர்மனி 11 கப்பல்களையும் சுமார் 2,500 பேரையும் இழந்தது. எண்ணிக்கையில் ஜெர்மனி ஜெயித்தது போலத் தோன்றும். ஆனால் மறுநாளும் கடல் வாசல் அடைபட்டுத்தான் இருந்தது. போட்டியைத் தொடங்கி வைத்த டிரெட்நாட் அந்தச் சண்டையில் இல்லவே இல்லை. அது பழுது பார்க்கும் தளத்தில் இருந்தது!

அந்த ஆண்டு குளிர்காலத்தில் ஜெர்மனியில் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்தது. மாட்டுக்குப் போடும் ஒருவகைக் கிழங்கை மக்கள் தின்றார்கள். போர்க்காலம் முழுவதிலும் பசியாலும் ஊட்டக்குறைவால் வந்த நோயாலும் இறந்தவர்கள் பல லட்சம். கடற்படைக்குக் கொட்டிய பணம் அவர்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கவில்லை.

தனியே போனால் இழப்பு, கூட்டமாகப் போனால் பாதுகாப்பு

பெரிய கப்பல்கள் பயன்படாததால் ஜெர்மனி நீர்மூழ்கிக் கப்பல்களை நம்பியது. 1917 பிப்ரவரி முதல் கண்ணில் பட்ட வணிகக் கப்பலையெல்லாம் மூழ்கடித்தது. ஏப்ரல் மாதம் ஒன்றில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் போயின. இங்கிலாந்தில் கோதுமைக் கையிருப்பு ஆபத்தான நிலைக்கு வந்தது.

இதற்கு மருந்து எளியது. வணிகக் கப்பல்கள் தனித்தனியே போகாமல் கூட்டமாக, காவல் கப்பல்களோடு போவது. ஆனால் கடற்படைத் தலைமை தயங்கியது. ஏன்? வாரத்துக்குச் சுமார் 2,500 கப்பல் போக்குவரத்து இருக்கிறது, இத்தனைக்கும் எப்படிக் காவல் போடுவது என்றது. ஹெண்டர்சன் என்ற அதிகாரி கணக்கைப் பிரித்துப் பார்த்தார். அந்த 2,500இல் கரையோரமாக ஊருக்கு ஊர் போய்வரும் சின்னச் சின்னப் படகுகளும் சேர்ந்திருந்தன! பெருங்கடல் கடந்து வரும் கப்பல்கள் வாரத்துக்குச் சுமார் 140 மட்டுமே. தவறான கணக்கு ஒரு நாட்டைப் பட்டினிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

மே மாதம் முதல் கூட்டப் பயணம் தொடங்கியது. இழப்பு படிப்படியாகக் குறைந்தது. 1918இல் சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன் வந்தது. வாடிக்கையாளர்கள் ஒரு கடையில் பெயரைப் பதிந்து அங்கேயே வாங்கினார்கள். மளிகைக் கடைக்காரர்கள் அளந்து கொடுத்தார்கள். நாடு பிழைத்தது.

கணக்கு முடிப்பு

1918 அக்டோபர் கடைசியில், தோல்வி தெரிந்துவிட்ட நிலையில், ஜெர்மன் அட்மிரல்கள் கடைசியாக ஒரு சண்டைக்குக் கப்பல்களைக் கிளப்ப உத்தரவிட்டார்கள். மாலுமிகள் மறுத்தார்கள். கீல் நகரில் கலகம் மூண்டு நாடெங்கும் பரவியது. நவம்பர் 9ஆம் தேதி பேரரசர் முடி இழந்தார். அதே நாளில், தன் வாழ்நாள் உழைப்பு அழிந்ததைக் கண்ட பாலினும் அளவுக்கு மீறித் தூக்க மாத்திரை உட்கொண்டு காலமானார். பின்னர் சமாதான உடன்படிக்கைப்படி, 1,600 டன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அனைத்தையும் ஜெர்மனி ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

போர்க்கப்பல்கள்? 74 கப்பல்களை ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்கேப்பா ப்ளோ என்ற இடத்தில் காவலில் வைத்தார்கள். 1919 ஜூன் 21ஆம் தேதி, எதிரி கையில் போகக் கூடாது என்று ஜெர்மன் மாலுமிகளே அடி மடையைத் திறந்துவிட்டார்கள். 52 கப்பல்கள் மூழ்கின. பின்னாளில் எர்னஸ்ட் காக்ஸ் என்ற பழைய இரும்பு வியாபாரி அவற்றில் பலவற்றை விலைக்கு வாங்கி, கடலுக்கு அடியிலிருந்து தூக்கி, உடைத்து விற்றார்.

ஜெயித்தவனின் கப்பலுக்கு மட்டும் வேறு கதியா? 1921இல் டிரெட்நாட் இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களோடு சேர்த்து, டன்னுக்கு இவ்வளவு என்று எடைக்குப் போடப்பட்டது. பதினைந்தே ஆண்டு!

1922 பிப்ரவரியில் வாஷிங்டனில் ஐந்து நாடுகள் உட்கார்ந்து பேசின. பெரிய கப்பல்களில் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் மூன்றுக்கும் 5:5:3 என்ற விகிதம். புதிதாகக் கட்டுவதற்குப் பத்தாண்டு விடுமுறை. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் அதைவிடக் குறைவான அளவு. 1912இல் பாலினும் காசலும் கேட்டது இப்படிப்பட்ட உடன்பாட்டைத்தான். பத்து ஆண்டு தாமதமாக, அதுவும் ஒரு பெரும் போருக்குப் பிறகு வந்தது.

நம் கடைக்கு என்ன பாடம்?

1. வயிற்றுப்பாடா, கௌரவமா? இங்கிலாந்து கப்பல் கட்டியது தன் சோற்றுக்காக. ஜெர்மனி கட்டியது பெரும்பாலும் மதிப்புக்காக. எது இல்லாவிட்டால் பிழைக்க முடியாதோ அதற்காகப் போட்டியிடுகிறவன் கடைசி வரை விடமாட்டான். அவனோடு கௌரவத்துக்காக மோதுவது முதலுக்கு மோசம்.

2. எதிராளியும் பதில் செய்வான். நாம் விலையைக் குறைத்தால் அவனும் குறைப்பான், நாம் கண்ணாடி அலமாரி வைத்தால் அவனும் வைப்பான். இரண்டு பேரும் செலவு செய்த பிறகும் நின்ற இடத்திலேயே நின்றால், அந்தப் பணம் யாருக்குப் போயிற்று? அலமாரி விற்றவனுக்கு.

3. சாமானின் விலையோடு வாசலின் செலவையும் எழுதுங்கள். பெரிய ப்ரிட்ஜ் வாங்கினால் மின்கட்டணம், இடம், பழுது எல்லாம் சேரும். கீல் கால்வாயை மறக்க வேண்டாம்.

4. செய்தி சொல்கிறவருக்கு என்ன லாபம் என்று பாருங்கள். பிறகு செய்தியை எடை போடுங்கள்.

5. கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 2,500ஐப் பார்த்து மலைத்தவர்கள் 140ஐக் காணவில்லை. கடையில் ஆயிரம் அயிட்டம் இருக்கலாம். நம் வியாபாரத்தைத் தாங்குவது எந்தச் சில அயிட்டங்கள் என்று தெரிந்தால், காவலை அங்கே போடலாம்.

6. தனியே போகிற கப்பலைத்தான் எளிதில் மூழ்கடிக்கலாம். கூட்டுக் கொள்முதல், கூட்டாக லாரி பிடித்தல், கூட்டாகக் குரல் கொடுத்தல் ஆகியவற்றுக்குத்தான் சங்கம்.

எதிர்க்கடையைக் கண்டுகொள்ளவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இங்கிலாந்து கண்டுகொள்ளாமல் இருந்திருந்தால் அதன் மக்கள் பட்டினி கிடந்திருப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நம் முதல் போக வேண்டிய இடத்தை நம் வாடிக்கையாளர் தேவை தீர்மானிக்கட்டும், எதிர்க்கடையின் விளக்கு வெளிச்சம் தீர்மானிக்க வேண்டாம்.

சிந்திக்கச் சில கேள்விகள்

• கடந்த மூன்று ஆண்டில் நம் கடைக்கு வாங்கிய பெரிய சாமான்களில் எத்தனை வாடிக்கையாளர் கேட்டு வாங்கியவை? எத்தனை பக்கத்துக் கடையைப் பார்த்து வாங்கியவை?

• இன்று நம் கடையில் எடைக்குப் போடும் நிலையில் உள்ள சரக்கு எது? அதில் முடங்கிய முதல் எவ்வளவு?

• எதிர்க்கடைக்காரரும் நாமும் ஒரே மொத்த வியாபாரியிடம் சேர்ந்து வாங்கினால் விலை குறையக்கூடிய சரக்கு ஒன்றாவது உண்டா?

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தால், அடுத்த சங்கக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். எதிர்க்கடைப் படியேறி ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.